அசையும் ஆதனம்

விடுதி, வட்டுக்கோட்டை
2.2.1936

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் இருமல் விட்டுவிட்டதா? எனக்கு ஒரு குறையும் இல்லை. விடுதிச் சோற்றில் கல் குறைந்திருக்கிறது, அதனால் பல்லும் நலம். உங்கள் மாமிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

நல்ல செய்தியை முதலில் எழுதுகிறேன். இங்கிலீசிலும் சரித்திரத்திலும் நான் முதலாவது. மற்றச் செய்தி, அதிபர் அம்மா என்னைத் தன் கந்தோர் அறைக்குக் கூப்பிட்டது. என் பள்ளித் தவணைக்காசு போன வருடத்திலிருந்தே வரவில்லையாம். "பாலேஸ்வரி, உன்னை அனுப்ப எனக்கு மனமில்லை. ஆனால் ஆவணி விடுமுறைக்குப் பிறகு காசில்லாமல் வரவேண்டாம்" என்று தமிழிலேயே சொன்னார். வெள்ளைக்காரியான அவருடைய தமிழில் எல்லாச் சொல்லும் ஒரே உயரத்தில் நிற்கும். அது கோபமா இரக்கமா என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த வருடக் கடைசியில் சீனியர் சோதனை எழுத வேண்டும். அதுவரை என்னை இங்கே வைத்திருக்க ஏதாவது வழி உண்டா, அக்கா?

எனக்கு விளங்காத காரியம் ஒன்று இருக்கிறது. உங்கள் கலியாணத்துக்கு அப்பு வீட்டையும் கிணற்றடித் தோட்டத்தையும் உங்கள் பெயருக்கே சீதனமாக எழுதினார். எனக்கென்று ஒன்றும் வைக்கவில்லை. அதற்காக நான் வருத்தப்பட்டதும் இல்லை. "தோட்டக் குத்தகையிலை சின்னவள் படிக்கட்டும்" என்று அப்பு சொன்னதையும், அத்தான் "ஓம் மாமா" என்றதையும் நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். இப்போது அப்பு இல்லை. தோட்டத்தில் அத்தானின் தமையன் கதிரவேலு புகையிலை நடுகிறார், குத்தகை என்று ஒரு சதமும் தருவதில்லை. பக்கத்துத் தோட்டத்து மார்க்கண்டு அண்ணையோ நல்ல குத்தகை தருவதாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். தோட்டம் உங்களுடையது. ஏன் அவருக்குக் கொடுக்கக் கூடாது?

மணி அடித்துவிட்டது. உங்கள் கையெழுத்தைக் காணக் காத்திருக்கும்,
தங்கை பாலேஸ்வரி

*

சுன்னாகம்
18.2.1936

என் பாலேஸுக்கு,

இருமல் போய்விட்டது. பசு கன்று போட்டிருக்கிறது, நெற்றியில் வெள்ளை. நீ முதலாவதாக வந்ததை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். "பாவம், கண் பழுதாகப் போகுது" என்றார்.

தோட்டம் என் பெயரில்தான். ஆனால் குத்தகைக்குக் கொடுப்பதென்றால் நொத்தாரிசு எழுதிய உறுதிப் பத்திரம் வேண்டும். போன கிழமை அப்பு எழுதிய சீதன உறுதியை எடுத்துக்கொண்டு நொத்தாரிசு ஐயாவிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, காணி உன்ரைதான். எண்டாலும் புருசன் எழுத்திலை சம்மதம் தராமல் நீ அதை விக்கவும் ஏலாது, ஈடு வைக்கவும் ஏலாது, குத்தகைக்குக் குடுக்கவும் ஏலாது. எங்கடை தேசவழமைச் சட்டம் அப்பிடி. அவரைக் கூட்டிக்கொண்டு வா. ரண்டுபேருமாய் ஒரு உடன்படிக்கை எழுதுங்கோ. அவர் கொழும்பிலை உத்தியோகம் பாக்கிற காலத்திலை நீ உன்ரை எண்ணப்படி குத்தகை குடுக்கலாம் எண்டு அவர் சம்மதிக்கட்டும். ஒரு கையெழுத்து. காரியம் முடிஞ்சுது."

இதை வீட்டுக்கு வந்து மாமியிடம் சொன்னேன். உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தவர் அகப்பையோடு திரும்பினார். "கலியாணத்துக்கு முந்தி எழுதினால் அது சீதனம். கலியாணம் முடிஞ்ச பிறகு புருசனும் பெண்சாதியும் என்னத்தை எழுதிறது? நீங்கள் குடும்பம் நடத்திறியளோ, பங்குக்கடை நடத்திறியளோ?"

அத்தான் சித்திரை வருடப் பிறப்புக்கு வருகிறார். அவர் மறுக்கமாட்டார். எதையுமே மறுக்கமாட்டார், அதுதான் எனக்குப் பயம்.

நீ படிக்கிற பிள்ளை. அந்த உடன்படிக்கைக்கு ஒரு நகல் எழுதி அனுப்பு. கையில் ஒரு கடுதாசி இருந்தால் எனக்குக் கதைக்கத் துணிவு வரும்.

வெறுங்காலோடு வெயிலில் திரியாதே.
உன் அக்கா,
ஞானாம்பிகை

*

விடுதி
8.3.1936

அன்பு அக்கா,

கன்றுக்குட்டிக்கு நெற்றிச்சுட்டி என்று பெயர் வையுங்கள். நான் சுகமாகவும் மிகவும் பெருமையாகவும் இருக்கிறேன். ஏனென்றால் நான் ஒரு சட்டப் புத்தகம் வாசித்திருக்கிறேன்!

என் பக்கத்துக் கட்டில் பெர்னடெட்டின் தகப்பனார் யாழ்ப்பாணத்தில் பிறக்கிராசி. கோட்டில் வழக்குப் பேசுகிறவர். அவர் தன் புத்தகத்தை ஒரு கிழமை இரவல் தந்தார். நொத்தாரிசு ஐயா சொன்னது சரிதான், அச்சிலேயே இருக்கிறது. நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். முக்கியமான பகுதி இது: "சோமசேகரம் ஆகிய நான், என் மனைவி ஞானாம்பிகைக்குச் சீதனமாகக் கிடைத்த கிணற்றடித் தோட்டத்தை, அவர், தம் எண்ணப்படி, தாம் விரும்பியவருக்கு, குத்தகைக்குக் கொடுக்கவும், அந்த வருமானத்தை, அவருடைய தங்கையின் படிப்புக்குச் செலவு செய்யவும், இதனால், முழுமனதோடு, சம்மதிக்கிறேன்." 'முழுமனதோடு' என்பது நான் சேர்த்தது. புத்தகத்தில் இல்லை.

இன்னொரு சிரிப்பான காரியம். புருசனுடைய சம்மதம் அசையா ஆதனத்துக்கு மட்டும்தான் வேண்டுமாம். அதாவது வீடு, காணி. அசையும் ஆதனத்தை மனைவி யாரையும் கேட்காமல் விற்கலாமாம். ஆகையால் எங்கள் கிடாய் ஆட்டை நீங்கள் நாளைக்கே சந்தைக்குக் கொண்டு போகலாம், அத்தானுக்குத் தந்தி அடிக்கத் தேவையில்லை. சட்டம் எங்கள்மேல் எவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிறது பாருங்கள். ஒரு ஆட்டளவு!

அத்தான் பேனையை எடுத்ததும் எனக்கு எழுதுங்கள்.
ஆவலுடன்,
பாலேஸ்வரி

*

சுன்னாகம்
26.4.1936

பாலேஸ்,

புது வருடம் உனக்கு நல்ல வருடமாக இருக்கட்டும். எங்கள் எல்லாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அத்தான் உனக்கென்று ஒரு ஊற்றுப்பேனை வாங்கி வந்தார், விடுமுறைக்கு வரும்போது எடுத்துக்கொள்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். முதல் நாள் மெயில் வண்டியில் வந்த களைப்பு. மறுநாள் சாமான் வாங்க வேண்டும். அதற்கடுத்தது வருடப் பிறப்பு, அன்று இதைக் கதைப்பது அழகில்லை. அன்று பின்னேரம் நானே நகலைக் கொடுத்தேன். முற்றத்துக் கதிரையில் இருந்து முழுவதும் வாசித்தார். "கெட்டிக்காரி. எங்கடை கந்தோரிலை கூட உப்பிடி எழுத ஆள் இல்லை" என்றார். "நாளைக்கே போவம்" என்றார்.

நாளைக்கு அட்டமி. அடுத்த நாள் நவமி. "உறுதி எழுதிறதை அட்டமி நவமியிலையோ தொடங்கிறது?" என்று மாமி பஞ்சாங்கத்தை எடுத்து வந்து விரலால் தொட்டுக் காட்டினார். அதற்கும் அடுத்த நாள் நல்ல நாள். ஆனால் நொத்தாரிசு ஐயா கீரிமலைக்குத் திவசத்துக்குப் போய்விட்டார். அதற்கு மறுநாள் அத்தானுடைய லீவு முடிந்தது.

ஸ்ரேசனில் வண்டிக்குக் காத்து நின்றோம். அவரே சொன்னார்: "உனக்கு என்னிலை நம்பிக்கை இல்லையோ? அண்ணையோடை ஒருக்கால் கதைச்சுப்போட்டு எழுதிறன்." வண்டி வெளிக்கிட்டதும் கை காட்டினார். நானும் காட்டினேன்.

கதிரவேலு அவர் போன மறுநாளே தோட்டத்துக்குப் புது வேலி அடைக்கத் தொடங்கிவிட்டார்.

உன் கடிதத்தில் அசையும் ஆதனம் என்று எழுதியிருந்தாய். அதில் என்னென்ன சேரும் என்று அந்தப் பிறக்கிராசி ஐயாவிடம் கேட்டு எழுது. சும்மா அறிந்து வைக்கத்தான்.

நேரத்துக்குச் சாப்பிடு.
அக்கா

*

விடுதி
3.5.1936

அன்புள்ள அக்கா,

நலமா என்று கேட்டால் நலம்தான். ஆனால் கோபமாக இருக்கிறேன். அட்டமி, நவமி, திவசம்! அத்தான் கொழும்பில் கந்தோருக்குப் பஞ்சாங்கம் பார்த்தா போகிறார்? ஒரு மனிதர் 'மாட்டேன்' என்று சொன்னால் அதை எதிர்த்து வாதாடலாம். 'ஓம் ஓம்' என்று சொல்லிக்கொண்டு போகிறவரோடு எப்படி வாதாடுவது? பஞ்சுப் பொதியைக் குத்துவது போல் இருக்கிறது.

நீங்கள் கேட்டதைப் பெர்னடெட்டின் தகப்பனாரிடம் கேட்டுவிட்டேன். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகக்கூடியதெல்லாம் அசையும் ஆதனம். ஆடு, மாடு, கோழி, பெட்டகம், கட்டில், நெல்லு, பாத்திரம், நகை, தையல் மெசின். சீதனமாக வந்ததென்றால் அது மனைவியுடையதுதான். இதை எழுதும்போது எங்கள் நெற்றிச்சுட்டியையும் நினைத்துக்கொண்டேன். அதை மட்டும் விற்காதீர்கள்.

இனி நான் சும்மா இருக்கப் போவதில்லை. அத்தானுக்கு நானே எழுதுகிறேன். மரியாதையாகத்தான் எழுதுவேன், பயப்படாதீர்கள்.

உங்கள் பக்கம் நிற்கும்,
பாலேஸ்வரி

*

கொழும்பு
30.5.1936

அன்புள்ள மச்சாள் பாலேஸ்வரிக்கு,

இங்கு மழை, சளி, வேலை. மூன்றும் குறைவில்லை. நீ சுகமாகப் படிக்கிறாய் என்று நினைக்கிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. தமிழ் நடை நன்றாக இருந்தது. அதில் என்னை 'வாக்குத் தவறியவர்' என்று நீ எழுதவில்லை, ஆனால் ஒவ்வொரு வரியின் அடியிலும் அது இருந்தது. நான் கந்தோரில் நாள் முழுவதும் கடிதம் வாசிக்கிறவன். எனக்கு அது தெரியும்.

உனக்கும் ஒன்று தெரிய வேண்டும். எங்கள் தகப்பனார் சாகும்போது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. அண்ணை தன் படிப்பை விட்டுவிட்டுப் புகையிலைக்குத் தண்ணீர் இறைத்து என்னைப் படிப்பித்தார். இன்று அவருக்குச் சொந்தமாக ஒரு துண்டு தோட்டம் இல்லை. அவர் முன்னால் போய், "இந்தா உறுதி, தோட்டத்தை விடு" என்று ஒரு கடுதாசியை நீட்ட எனக்கு முகம் இல்லை. உன் அக்காவுக்கு இதெல்லாம் தெரியும். அவள் என்னை நெருக்குவதில்லை. வீட்டுக்குள் வாய்ப்பேச்சே போதும். எழுத்து வந்தால் வீடு வழக்குப் பேசும் கோடாகிவிடும்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது ஏதாவது செய்யலாம். பெண்பிள்ளை இவ்வளவு படித்ததே பெரிய காரியம். சீனியர் இல்லாவிட்டால் வானம் இடிந்துவிடாது.

அன்புடன்,
சோ. சோமசேகரம்

*

விடுதி
14.6.1936

அன்பு அக்கா,

எல்லாரும் சுகமா? இங்கே நான் சுகத்துக்கும் மேலே! நேற்று அதிபர் அம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார், என் தவணைக்காசு எல்லாம் வந்துவிட்டதாம். பாக்கி முழுவதும் தீர்ந்து, அடுத்த தவணைக்கும் சேர்த்து! எனக்கு அந்தக் கந்தோர்க் கதிரையைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல் இருந்தது.

அத்தான்தான் அனுப்பியிருக்க வேண்டும். நான் அவரைத் தப்பாக நினைத்துவிட்டேன். அவர் எழுதிய கடிதத்தில் ஓரிடத்தில் அவர் மேல் எனக்கு உண்மையாகவே இரக்கம் வந்தது. கையெழுத்து வைக்க வெட்கப்படுகிறவர் காசு அனுப்ப வெட்கப்படவில்லை. அவருக்கு நன்றிக் கடிதம் எழுதத் தொடங்கிவிட்டேன்.

பூரிப்போடு,
பாலேஸ்வரி

*

சுன்னாகம்
19.6.1936

பாலேஸ்,

நாங்கள் நலம். அவசரமாக எழுதுகிறேன். அத்தானுக்கு நன்றிக் கடிதம் எழுத வேண்டாம். எழுதியிருந்தால் தபாலில் போடாதே. அவருக்குக் கந்தோரில் வேலை கூட. காசு வந்தது, அது போதும். நீ புத்தகத்தைப் பார்.

அக்கா

*

விடுதி
6.9.1936

அக்காவுக்கு,

ஆவணி விடுமுறை முடிந்து பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் தந்துவிட்ட பனங்காய்ப் பணியாரத்தைப் பெர்னடெட்டும் நானும் சாப்பிட்டு முடித்தோம். நலம் விசாரிக்க எனக்கு இன்று மனம் வரவில்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று நானே கண்டேன்.

நான் எல்லாவற்றையும் கவனிக்கிற பிள்ளை என்று நீங்கள்தான் சொல்வீர்கள். அப்படியானால் எனக்கு ஏன் இவ்வளவு நாள் எடுத்தது? வீட்டில் நின்ற காலமெல்லாம் நீங்கள் நீளக்கைச் சட்டை போட்டிருந்தீர்கள். கிணற்றில் தண்ணீர் அள்ளும்போதும், அடுப்படியிலும். பட்டணத்து நாகரிகம் என்று நினைத்தேன். காதில் தோட்டுக்குப் பதிலாக ஈர்க்குக் குச்சி. கேட்டபோது, "சுரை கழண்டு போச்சு, தட்டாரிட்டைக் குடுத்திருக்கிறன்" என்றீர்கள். அத்தான் லீவு இல்லையென்று திருவிழாவுக்கு வராதபோது நீங்கள் வருத்தப்படவில்லை, நிம்மதியாக மூச்சு விட்டீர்கள். தேருக்கு என்னை மாமியோடு அனுப்பிவிட்டுத் தலையிடி என்று வீட்டில் நின்றீர்கள்.

நான் வெளிக்கிட்ட காலையில் நெற்றிச்சுட்டி கயிற்றை இழுத்தது. உங்கள் சட்டைக்கை மேலே ஏறியது. காப்பு இருந்த இடம் மட்டும் வெளுத்து, வளையம் வளையமாகக் கிடந்தது. நீங்கள் கையை இறக்கிவிட்டு, "வண்டில் வந்திட்டுது, ஓடு" என்றீர்கள்.

என்னென்ன அசையும் ஆதனம் என்று நீங்கள் கேட்டீர்கள். நான் சோதனைக்கு விடை எழுதுவது போல எழுதி அனுப்பினேன். நகையைப் பாத்திரத்துக்கும் தையல் மெசினுக்கும் நடுவில் எழுதினேன். ஆட்டைப் பற்றிப் பகிடி விட்டேன். அதிபர் அம்மாவின் கந்தோர்க் கதிரையைக் கட்டிப்பிடிக்க நினைத்தேன். அந்தக் காசு உங்கள் கையிலிருந்து கழன்றது.

நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வருகிறேன். இந்தத் தவணை முடிந்ததும் வருகிறேன். எனக்கு இங்கிலீசும் வேண்டாம், சரித்திரமும் வேண்டாம்.

பாலேஸ்வரி

*

சுன்னாகம்
11.10.1936

பாலேஸ்வரிக்கு,

உன் கடிதம் வந்து கனநாள். பதில் எழுத இருந்து இருந்து எழும்பிவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வந்தால் நான் படலையைத் திறக்கமாட்டேன். விற்றது விற்றதுதான், நீ வந்தால் அது திரும்பி என் கையில் ஏறாது. வெறுங்கையும் வேண்டும், படிக்காத தங்கச்சியும் வேண்டும் என்று நான் நேர்த்தி வைக்கவில்லை.

மார்க்கண்டு அண்ணை நேற்று வேலியடியில் நின்று கேட்டார்: "தங்கச்சி, கார்த்திகைக்குள்ளை புகையிலைக் கன்று நட வேணும். முடிவு என்ன?" "பாப்பம் அண்ணை" என்றேன். சொன்ன பிறகுதான் தெரிந்தது, அது அத்தானுடைய பேச்சு. என் வாயிலும் வந்துவிட்டது.

தீபாவளிக்கு அத்தான் வருகிறார். அதற்கு அடுத்த கிழமை கதிரவேலு வீட்டில் பெரியபிள்ளையான மூத்த பெண்பிள்ளைக்குச் சாமத்தியச் சடங்கு. ஊர் முழுக்க வரும்.

நீ எழுதிய நகல் பெட்டகத்தில் பத்திரமாக இருக்கிறது.

அக்கா

*

சுன்னாகம்
23.11.1936

பாலேஸ்வரிக்கு,

நலம். நலமாக இருக்கிறோம் என்று எழுதுவதுதானே வழக்கம்.

அண்ணை வீட்டுச் சடங்குக்கு உன் அக்கா கண்ணாடிக் காப்போடும் காதில் ஈர்க்கோடும் வந்தாள். சபை நடுவில் ஆலாத்தித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா தன் பதக்கச் சங்கிலியை இரவல் கொடுத்தும் வாங்கிப் போடவில்லை. இரவல் நகை போடாதவர் இந்த ஊரில் யார்? "சோமசேகரத்துக்குக் கொழும்பிலை உத்தியோகம் போச்சோ?" என்று ஒரு கிழவி என் காது கேட்கவே கேட்டாள். அண்ணை என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அந்த நகை எல்லாம் எங்கே போனது என்று வீட்டில் கேட்டேன். "அசையும் ஆதனம், உங்கடை சம்மதம் தேவையில்லையாம்" என்றாள். இந்தச் சொல் எந்த விடுதியிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

லீவை நீட்டியிருக்கிறேன். வியாழக்கிழமை நொத்தாரிசு வீட்டுக்குப் போகிறோம். இனிமேல் என் சம்மதமில்லாமல் ஒரு பொட்டு நகையும் விற்பதில்லை என்று அவள் எழுதித் தர வேண்டும். வாய்ப்பேச்சை நம்பி இருந்தது என் பிழை.

சோமசேகரம்

*

சுன்னாகம்
29.11.1936

என் பாலேஸ்,

மழை பிடித்திருக்கிறது. வீட்டில் நானும் கன்றும்தான். இருவரும் சுகம். நீ பயந்துகொண்டிருப்பாய் என்று உடனே எழுதுகிறேன்.

வியாழக்கிழமை மாட்டு வண்டிலில் போனோம். அத்தான் முன்னால், மாமியும் நானும் பின்னால். பஞ்சாங்கத்தை ஒருவரும் எடுக்கவில்லை. அன்று என்ன திதி என்றுகூட எனக்குத் தெரியாது.

நொத்தாரிசு ஐயா விறாந்தையில் மேசை போட்டு இருந்தார். அத்தான் எல்லாவற்றையும் சொன்னார். ஐயா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி, இது பிள்ளை எழுதித் தாறது. தம்பி என்ன எழுதித் தாறீர்?" என்றார்.

"நான் என்னத்தை எழுதிறது?"

"ஒரு பக்கம் மட்டும் எழுதினால் அது உடன்படிக்கை இல்லைத் தம்பி. உத்தரவு."

நான் மடியிலிருந்து உன் நகலை எடுத்து மேசையில் வைத்தேன். மடித்த இடமெல்லாம் இற்றுப் போயிருந்தது. ஐயா அதை விரித்து மெல்ல வாசித்தார். வாசித்துக்கொண்டு போகப் போக அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆர் எழுதினது? விசயம் சரி. கமாதான் நுளம்பு மொய்ச்ச மாதிரிக் கிடக்கு."

"உது பள்ளிக்கூடப் பிள்ளையின்ரை விளையாட்டு ஐயா. நாங்கள் வந்த விசயம் வேறை. தோட்ட விசயம் நான் அண்ணையோடை கதைச்சுப்போட்டு..." என்று அத்தான் தொடங்கினார்.

அந்த வாக்கியத்தை நான் ஸ்ரேசனில் கேட்டிருக்கிறேன். மற்றப் பாதியை ஒருநாளும் கேட்டதில்லை. நான் அத்தானைப் பார்க்கவில்லை, ஐயாவைப் பார்த்துக் கேட்டேன்.

"ஐயா, எனக்கு ஒரு சந்தேகம். கழுத்திலை கிடக்கிற தாலிக்கொடியும் அசையும் ஆதனம்தானோ?"

மாமி "சிவ சிவா" என்று எழுந்துவிட்டார். ஐயா பேனையை மைக்கூட்டில் வைத்தார்.

"சட்டத்தைக் கேட்டால், ஓம் பிள்ளை" என்றார்.

"அப்ப இவர் கையெழுத்து வைக்காட்டில், அடுத்த தவணைக்கு அதுதான் மிச்சம்."

பாலேஸ், நான் மிரட்டவில்லை. மிரட்டல் என்று அவர்கள் எல்லாரும் நினைக்கிறார்கள். எனக்கு உண்மையிலே வேறு ஒன்றும் மிச்சமில்லை. அதைத்தான் சொன்னேன்.

அத்தான் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தார். பிறகு, "எங்கை வைக்கிறது?" என்று கேட்டார். ஐயா இரண்டு பக்கத்தையும் ஒரே உறுதியாக எழுதினார். தோட்டத்துக்கு அவர் சம்மதம், நகைக்கு என் சம்மதம். விற்க ஒன்றுமில்லாத நகைக்குச் சம்மதம் எழுதிக் கொடுப்பது எனக்கு லேசாக இருந்தது. உன் கமாக்களை ஐயா வெட்டிவிட்டார். 'முழுமனதோடு' என்பதையும் வெட்டினார். "இது சட்டத்துக்குத் தேவையில்லாத சொல்" என்றார்.

கையெழுத்து வந்தால் சந்தோஷப்படுவேன் என்று இத்தனை மாதமும் நினைத்தேன். வரவில்லை. மாமி தன் பெட்டகத்தை ஏற்றிக்கொண்டு கதிரவேலு வீட்டுக்குப் போய்விட்டார். கதிரவேலு தான் கட்டிய வேலியைத் தானே பிரித்து எடுத்துக்கொண்டு போனார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, அதுதான் கூடக் கஷ்டமாக இருந்தது. அத்தான் சனிக்கிழமை வண்டிக்குப் போனார். நான் படலையில் நின்றேன். வளைவில் ஒருதரம் நின்று குடையை விரித்தார். மழை அப்போது தொடங்கவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை.

மார்க்கண்டு அண்ணை, "புகையிலைக் காலம் போயிட்டுது தங்கச்சி. தையிலை வெங்காயம் வைக்கிறன், குத்தகை அப்ப தாறன்" என்கிறார். அதற்குள் உனக்கு அடுத்த தவணை தொடங்கிவிடும். அதிபர் அம்மாவுக்கு நானே எழுதுகிறேன், பொறுப்பார். உறுதியைக் காட்டச் சொன்னால் காட்டு. நகல் ஒன்று இத்துடன் வருகிறது.

அத்தானுக்கு ஒரு கடிதம் எழுது. சட்டம் எழுதாதே. சளி சுகமா என்று கேள்.

கண்ணாடிக் காப்பில் ஒன்று நேற்றுக் கிணற்றடியில் உடைந்துவிட்டது. காதில் இன்னும் ஈர்க்குத்தான். வெங்காயம் விற்று நீ சீனியர் பாஸ் பண்ணி, அதற்கும் பிறகு ஒருநாள் தோடு வாங்கலாம். அதுவரை கிழமைக்கு ஒரு புது ஈர்க்கு முறித்துப் போட்டுக்கொள்கிறேன். துளை தூர்ந்துவிடக் கூடாது.

உன் அக்கா,
ஞானாம்பிகை